திருத்தம்மாவும் விண்ணப்பப் பெட்டியும்

பெற்றோர் இட்ட பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே வழங்கிவந்தது. அலுவலகத்திலும் ஆலயத்திலும் தெருவிலும் அவர் திருத்தம்மா. குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டிருந்த மேசையில், இருபத்தெட்டு ஆண்டுகள் தட்டச்சுப் பணி பார்த்தவர். 'திருத்தம்' என்ற சொல்லையும் 'அம்மா' என்ற சொல்லையும் முதலில் சேர்த்த குறும்புக்காரர் யார் என்பது தெரியவில்லை. அவர் புணர்ச்சி இலக்கணம் அறிந்தவர் என்பது மட்டும் உறுதி.

அந்தப் பெயருக்குக் காரணம் இருந்தது. கண்காணிப்பாளர் ஒருமுறை, தட்டச்சாகி வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் விழித்தார்.

"அம்மா, நான் எழுதிக் குடுத்தது இது இல்லையே?"

"இல்ல சார். நீங்க எழுத நினைச்சது இது."

அவர் மறுபடியும் படித்தார். தாம் எழுத நினைத்தது உண்மையில் அதுவேதான் என்பது அப்போதுதான் அவருக்கே விளங்கிற்று. கையெழுத்திட்டு அனுப்பினார். அதன்பின் அந்த அலுவலகத்தில் எவரும் எழுத்தைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கிறுக்கிக் கொடுத்தால் போதும், திருத்தம்மா பார்த்துக்கொள்வார். பிறர் மனத்தில் உள்ளதை அவர்களைவிடத் தாம் தெளிவாக அறிவோம் என்ற எண்ணம் அவருக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஊரார் மெச்சி மெச்சி வளர்த்துவிட்ட எண்ணம் அது.

வீட்டில் இருவர்தாம். அவரும் தம்பியும். தாய், தம்பியைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினார். தெருவிளக்குகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த தந்தை, நுரையீரல் நோய் கண்டு, உள்ளறையில் பதினான்கு மாதம் இருமி இருமி மாய்ந்தார். அப்போது அக்காளுக்கு வயது பத்தொன்பது, தம்பிக்கு ஏழு. அப்பா குடித்த குவளையைத் தனியே கொதிக்கும் நீரில் போட்டு எடுப்பதும், தம்பியை அந்தக் கதவுக்கு இப்பால் நிறுத்தி வைப்பதும் அவருடைய அன்றாட வேலைகளாயிருந்தன. "தம்பியைப் பார்த்துக்கொள்" என்று அப்பா கடைசிவரை சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு இரண்டு வரன்கள் வந்தன. முதல் மாப்பிள்ளைக்கு அக்காளைப் பிடித்திருந்தது, அவர் தாயாருக்குப் பிடிக்கவில்லை. இரண்டாமவர் வீட்டில் அனைவருக்கும் பிடித்திருந்தது. தம்பியை மட்டும் விடுதியில் சேர்த்துவிடலாம் என்றார்கள். "அப்படின்னா என்னையும் விடுதியிலேயே சேத்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்றாவது வரன் வரவில்லை.

தம்பி படித்துக் கம்பவுண்டரானான். நகரத்து மருந்தகத்தில் வேலை. மாலை ஐந்தரைக்கு வீடு. சட்டையில் எப்போதும் மருந்து வாசனை. அக்காளுக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் இருந்ததில்லை.

இனி அந்தப் பெட்டி. ஆலய வாசலின் வலப்புறத்தில், காலணி விடும் இடத்துக்கு மேலே, ஒரு மரப்பெட்டி ஆணியில் தொங்கிற்று. வாயில் ஒரு பிளவு. மேலே வெள்ளை வண்ணத்தில் 'விண்ணப்பங்கள்'. ஜெபிக்க வேண்டிய காரியத்தைச் சபையார் ஒரு சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. சனிக்கிழமை மாலை மூன்று மணிக்குத் திருத்தம்மா பெட்டியைத் திறப்பார். சீட்டுகளை நோய், பயணம், தேர்வு, வேலை, குடும்பம் என ஐந்து தலைப்புகளில் பிரிப்பார். ஆலயத்துப் பழைய தட்டச்சுப்பொறியில் ஆறு தாள்களை இடையிடையே கரித்தாள் வைத்துச் செருகி, ஒரே அடியில் ஆறு படிகள் எடுப்பார். ஆறாவது படி புகைபோல் மங்கியிருக்கும். அதைக் கண் நல்ல இளைஞர்களுக்குக் கொடுப்பது வழக்கம். அசல் சீட்டுகளைக் குத்தூசியால் கோத்து, தேதி எழுதிக் கோப்பில் வைப்பார். ஒன்றையும் எறிந்ததில்லை.

இங்கேயும் அவர் கை சும்மா இருக்கவில்லை. "என் மாமியாரைக் கர்த்தர் சீக்கிரம் எடுத்துக்கொள்ள வேண்டும்" என்று ஒரு மருமகள் எழுதிப் போட்டாள். பட்டியலில் அது "முதியோர் ஒருவருக்கு இளைப்பாறுதல் கிடைக்க" என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு உரத்த குரலில் ஆமென் சொன்னவர் அந்த மாமியாரேதான். "எதிர்க்கடைக்காரன் கடையை மூட வேண்டும்" என்ற தையற்காரரின் சீட்டு "தொழிலில் உள்ள இடையூறுகள் நீங்க" என்று மாறிற்று. பள்ளி இறுதி வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் தட்டச்சு அறைக்கே வந்து சண்டை பிடித்தாள்.

"அக்கா, கணக்குல முப்பத்தஞ்சு வந்தா போதும்னுதானே எழுதினேன்? நீங்க 'சிறப்பான வெற்றி'ன்னு போட்டிருக்கீங்க. பெரிசா கேட்டு ஆண்டவரைச் சங்கடப்படுத்தாதீங்க!"

"கேக்கறதைக் கொஞ்சம் நல்லாக் கேட்டா என்னடி?"

"நீங்க நல்லாக் கேட்டுட்டுப் போயிடுவீங்க. பரீட்சை எழுதறது நான்தானே!"

அவளுக்கு முப்பத்தொன்பது வந்தது. மேலதிகமாக வந்த நான்கு மதிப்பெண்கள் தம் திருத்தத்தின் பயன் என்று திருத்தம்மா மனத்துக்குள் வரவு வைத்துக்கொண்டார்.

இப்படியாகப் பதினொரு ஆண்டுகள் சென்றன. மனிதர்கள் கேட்கத் தெரியாமல் கேட்கிறார்கள். கேட்கத் தெரிந்த ஒருவர் நடுவில் இருந்து சரிசெய்து அனுப்பினால் கேட்டவருக்கும் நல்லது, கேட்கப்படுகிறவருக்கும் வசதி. இதுவே அவருடைய ஊழியம். அதில் அவருக்கு ஐயமே இருந்ததில்லை, அந்தச் சனிக்கிழமை வரை.

அன்று பெட்டியில் பதினேழு சீட்டுகள் இருந்தன. ஒன்பதாவதை விரித்தபோது கை நின்றது. கையெழுத்தைப் படிக்க வேண்டியதில்லை, பார்த்தாலே போதும். அதிலிருந்த 'ழ'வின் வால், அவரே ஒரு சிறு கையைப் பிடித்துச் சுழிக்கக் கற்றுக்கொடுத்த வால்.

"மலையடிவாரத்து நுரையீரல் மருத்துவமனையில் கம்பவுண்டர் வேலைக்கு நான் போகும்படி வழி திறக்க வேண்டும். என் அக்காவின் மனமும் திறக்க வேண்டும்."

வீட்டில் இரண்டே அறைகள். முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிவில்லாமல், வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, ஆலயத்துப் பெட்டி வழியாகச் சொல்லியிருக்கிறான். அது திருத்தம்மாவுக்கு விளங்காமல் இல்லை. அந்த மருத்துவமனையில் மூன்றாண்டுகளாகக் கம்பவுண்டர் இல்லை என்பது ஊரறிந்த செய்தி. கடைசியாக இருந்தவர் அங்கேயே நோய் வாங்கி, அங்கேயே படுத்து, திரும்பி வராமற்போனார். அப்பாவின் இருமல் சத்தம், பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, தட்டச்சு அறைக்குள் கேட்டது.

அவர் தாளைச் செருகினார். எழுத்துப் பிழையின்றி அடித்தார்: "மருத்துவத் துறையிலுள்ள இளைஞர் ஒருவர், ஆபத்தான இடத்துக்குப் போகும் எண்ணத்திலிருந்து காக்கப்பட."

அடித்து முடித்தபின் அவருக்கு மனச்சாட்சி உறுத்தவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். உறுத்துவதற்கு என்ன இருந்தது? அந்தப் பிள்ளையைத் தம் கையில் கொடுத்தவர் ஆண்டவர். காய்ச்சலிலும் சளியிலும் காத்துத் தந்தவர் ஆண்டவர். இத்தனையும் செய்தவர், மறுபடியும் அதே நோயின் வாயில் கொண்டுபோய் விடச் சொல்வாரா? தம்பி சின்னவன், கேட்கத் தெரியாமல் கேட்கிறான். அவ்வளவுதான்.

சபையில் விண்ணப்பங்களை வாசிப்பவர் ரயில் மூப்பர். இரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு விண்ணப்பத்தின் முடிவிலும் பச்சைக்கொடி காட்டுவதுபோல் வலக்கையை உயர்த்துவார்; சபை முழுவதும் ஆமென் சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமை 'ஆபத்தான இடம்' என்ற சொற்கள் வந்தபோது தம்பி தலையைத் திருப்பி, பெண்கள் வரிசையில் இருந்த அக்காளைப் பார்த்தான். அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

அடுத்த சனிக்கிழமையும் அதே சீட்டு, அதே சொற்கள். அதற்கடுத்த வாரமும். ஒவ்வொரு வாரமும் அவர் அதைத் திருத்தினார். வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணீர் வந்ததா, பொத்தான் தைத்தாயிற்றா, குடை எடுத்துக்கொண்டாயா என்ற பேச்சுகளே நடந்தன. பரிமாறும்போது அக்காள் ஒரு கரண்டி கூடுதலாகப் போடுவார். தம்பி மறுக்காமல் சாப்பிடுவான். நான்காம் வாரம்தான் அவன் வாயைத் திறந்தான்.

"யாரோ ஆபத்தான இடத்துக்குப் போறாராமேக்கா?"

"ஆமா. யாரோ."

"பாவம்."

"பாவந்தான். புத்தி சொன்னாக் கேக்கற வயசு இல்ல போலிருக்கு."

"அவர் புத்தி கேக்கலையோ என்னவோ. வழி கேட்டிருப்பார்."

"சோறு ஆறுது. சாப்பிடு."

அவன் சாப்பிட்டான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கூடத்தின் அந்தப் பக்கம் திரும்பி நின்றபடியே சொன்னான்: "அங்க இப்ப நர்ஸம்மா ஒருத்தங்கதான் மாத்திரையும் எண்ணிக் குடுக்கறாங்களாம், ஊசியும் போடறாங்களாம். நாப்பது பேருக்கு. நேரந்தவறிக் குடுத்தா அந்த மருந்து வேலை செய்யாதுக்கா. யாருக்கும் தெரியாம செத்துப்போவாங்க."

திருத்தம்மா அடுப்பங்கரையில் பாத்திரத்தைச் சற்று ஓசையாகவே வைத்தார்.

எட்டாம் வாரம் மலையடிவாரத்திலிருந்து கடிதம் வந்தது. தம்பி தானாகவே எழுதிக் கேட்டிருந்தான் போலும். அது திருச்சபை நடத்தும் மருத்துவமனை. வேலைக்கு வருகிறவர் தம் சபையின் சம்மதத்தைத் தீர்மானமாகப் பெற்று அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்து அறையில் சபைச் சங்கம் கூடிற்று. போதகர், மூப்பர்கள் நால்வர், நடவடிக்கைக் குறிப்பு எழுதத் திருத்தம்மா, கதவோரம் நின்றபடி தம்பி.

போதகர் கடிதத்தைப் படித்து முடித்ததும் ரயில் மூப்பர் தொண்டையைச் செருமினார்.

"ஐயா, இதுல யோசிக்க என்ன இருக்கு? எட்டு வாரமாச் சபை முழுக்க ஒரே வாயா ஜெபிச்சிருக்கு, ஆபத்தான இடத்துக்குப் போகாம காக்கணும்னு. யாருன்னு தெரியாமலே ஜெபிச்சோம். இப்ப பாத்தா நம்ம தம்பி! இது மனுஷர் ஏற்பாடா? தெளிவான பதில் ஐயா. சிவப்புக் கொடி."

மற்ற மூவரும் அதிசயித்துத் தலையசைத்தார்கள். ஒருவர் கண்ணைக் கூடத் துடைத்துக்கொண்டார். போதகர் தம்பியைப் பார்த்தார்.

"நீ என்னப்பா சொல்றே?"

தம்பி அக்காளைப் பார்க்கவில்லை. அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது, பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். 'அது நான் கேட்டதே இல்லை' என்ற ஒரு வாக்கியம் அவன் வாயிலிருந்து வந்திருந்தால் எல்லாம் உடைந்திருக்கும். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "சபை சொன்னாச் சரிதான் ஐயா" என்றான்.

"எழுதிக்குங்கம்மா" என்றார் ரயில் மூப்பர். "தேவசித்தம் இதுவல்ல என்று சபை ஒருமனதாக உணர்ந்தபடியால்..."

திருத்தம்மா எழுதினார். ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

அந்த வாரம் வீடு அமைதியாயிருந்தது. ஐந்தரைக்கு வந்தான், சாப்பிட்டான், செய்தித்தாள் படித்தான். கேட்டதற்குப் பதில் சொன்னான். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தான். வேண்டியது கிடைத்துவிட்டது, ஆயினும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை பெட்டியைத் திறந்தார். பதின்மூன்று சீட்டுகள். ஒவ்வொன்றாக விரித்தார். அந்த 'ழ' இல்லை. பிளவில் எங்கேனும் சிக்கியிருக்குமோ என்று பெட்டியைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினார். ஒரு செத்த பூச்சி விழுந்தது.

போனால் உயிருக்கு ஆபத்து என்று தடுத்தார். போகாமல் வீட்டுக்குள் இருப்பவனுக்கோ ஆண்டவரிடம் கேட்பதற்கு ஒன்றுமே இல்லாமற்போய்விட்டது. அதையும் அவர் கைதான் செய்திருந்தது.

மேசையில் நடவடிக்கைக் குறிப்பு காத்திருந்தது. தட்டச்சு செய்து போதகரிடம் கொடுக்க வேண்டும். 'தேவசித்தம்' என்று அடிக்க விரல் ஓங்கியவர், அப்படியே நிறுத்தினார். எட்டு வாரமாகச் சபை கேட்ட குரல் யாருடையது என்பது இந்த உலகத்தில் இருவருக்குத்தான் தெரியும். ஒருவன் வாய் திறக்க மாட்டான். மற்றவர் இதோ, தம் வாக்கியத்தையே ஆண்டவரின் பதிலாகப் படியெடுக்க உட்கார்ந்திருக்கிறார்.

கோப்பை எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்கு நடந்தார். போதகர் முன்னறையில் பாய் விரித்து, கிழிந்த பாட்டுப் புத்தகங்களுக்குப் பசை தடவி அட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். திருத்தம்மா எட்டுச் சீட்டுகளையும் வரிசையாகப் பாயில் வைத்தார். அவற்றின் கீழே எட்டுப் பட்டியல்களை வைத்தார். போதகர் கையைத் துடைத்துக்கொண்டு மேலும் கீழுமாகப் படித்தார்.

"நீங்க திருத்தறது எங்க எல்லாருக்கும் தெரியும்மா. நான்கூட அறிக்கை எழுதும்போது, அம்மா பாத்துப்பாங்கன்னு அரைகுறையா எழுதறேன். இவ்வளவு தூரம் போவீங்கன்னு நினைக்கல."

"கெடுதல் நினைச்சா செஞ்சேன் ஐயா? உயிரையே வெச்சிருக்கேன் அவன்மேல."

"அதுதாம்மா கஷ்டம். வெறுப்புல செஞ்சிருந்தா முதல் வாரமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." ஒரு சீட்டை எடுத்து நீவினார். "குரு சிலுவைக்குப் போற பாதையில குறுக்க நின்னவன் பகையாளி இல்ல. அவர்மேல உசிரா இருந்த சீடன். அவனுக்கும் அன்னிக்குத் தான் நிக்கிற இடம் தெரியல."

"போனா அவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுங்க. இப்பவே அந்தத் தீர்மானத்தைக் கிழிச்சுப் போடறேன்."

"அதை நான் எப்படிம்மா சொல்வேன்? ஆனாலும் ஆகலாம்."

பசை காய்ந்துகொண்டிருந்தது. போதகர் புத்தகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார். பொய்யாக ஓர் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அது தம் திருத்தங்களில் ஒன்றைப் போலவே இருந்திருக்கும் என்று திருத்தம்மா பிற்பாடு நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஆராதனையில் விண்ணப்ப நேரம் வந்ததும், ரயில் மூப்பர் எழுவதற்குமுன் அவர் எழுந்தார். எட்டுச் சீட்டுகளையும் எழுதியிருந்தபடியே வாசித்தார். 'என் அக்காவின் மனமும் திறக்க வேண்டும்' என்ற வரியையும் எட்டுமுறை வாசித்தார். தாம் மாற்றியது என்ன என்பதையும் சொன்னார். ரயில் மூப்பர் தம் இடத்திலிருந்து எழுந்தார்.

"அப்போ எட்டு வாரம் நாங்க கேட்டது?"

"நான் கேட்டது ஐயா. உங்க வாயால."

முன்வரிசையிலிருந்து அந்த மாமியார் மெல்லத் திரும்பினார். "ஏம்மா, எனக்கு இளைப்பாறுதல் கேட்டீங்களே, அதுவும் திருத்தினதா?"

பின்வரிசையில் மருமகளின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. திருத்தம்மாவின் பதினொரு ஆண்டு ஊழியத்தில் அவ்வளவு கடினமான கேள்வி வந்ததில்லை. "உங்களுக்கு நீண்ட இளைப்பாறுதல் வேணும்னு ஒருத்தங்க ரொம்ப ஆசைப்பட்டாங்க பெரியம்மா" என்றார். அது பொய்யில்லை. எங்கோ ஒரு மூலையில் சிரிப்பு வெடித்தது. பிறகு சபை முழுவதும் சிரித்தது. கடைசியில் தம்பியும் சிரித்தான். ரயில் மூப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் நேராகத் தம்பியிடம் நடந்துபோய், "மன்னிச்சுக்கப்பா, தப்பான லைன்ல வண்டியை விட்டுட்டேன்" என்றார்.

சங்கம் மறுபடியும் கூடித் தீர்மானத்தை மாற்றிற்று. பெட்டியின் சாவியைத் திருத்தம்மா தாமாகவே மேசைமேல் வைத்தார். அது தையற்காரரிடம் போயிற்று. அவர் சீட்டுகளைத் திருத்தவுமில்லை, தட்டச்சு செய்யவுமில்லை, உள்ளபடியே கொடுத்தார். சில வாரங்களுக்கு ஞாயிறு விண்ணப்பங்கள் நீளமாயும், அக்கம்பக்கத்தார் நெளியும்படியாயும் இருந்தன. அந்த நாட்களைச் சபையார் இன்றும் சொல்லிச் சிரிப்பதுண்டு.

தம்பி புறப்பட்ட அன்று பேருந்து நிலையத்தில் அக்காள் அழவில்லை. "மாத்திரை எண்ணும்போது யார்கிட்டயும் பேசாதே" என்றார். "முகத்துல துணி கட்டிக்கோ. கட்டிக்கறேன்னு எழுதினாப் போதாது, கட்டிக்கோ." வண்டி நகர்ந்தபின் நிலையத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றார். அலுவலகத்துக்கு அன்று அரைமணி நேரம் தாமதம். பதிவேட்டில் அவர் பெயருக்கெதிரே அப்படி ஒரு குறிப்பு அதற்குமுன் இல்லை.

ஆறு ஆண்டுகள் வாரம் ஒரு கடிதம் வந்தது. ஏழாம் ஆண்டின் தொடக்கத்தில் வந்த கடிதம், நோய் தன்னையும் தொட்டுவிட்டதாகச் சொல்லிற்று. "ஆரம்ப நிலைதான் அக்கா. ஓராண்டு படுக்கை, மருந்து. பயப்படாதே." ஆரம்ப நிலை என்பது நிஜமா, தம்பி தமக்காகத் திருத்தி எழுதியதா என்று அவர் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு, பழக்கம் விடுமா, மேசையில் உட்கார்ந்து ஒரு தாளைச் செருகினார். அனுப்புநர் இடத்தில் தம்பியின் பெயர். பொருள்: உடல்நலம் கருதிப் பணியிலிருந்து விடுவித்து நகர மருத்துவமனைக்கு அனுப்பக் கோருதல். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அதைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.

நீண்ட திறந்த தாழ்வாரம். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் காற்று. வரிசையாகப் படுக்கைகள். தரையில் வெள்ளைக் கோடு ஒன்று நெடுக ஓடிற்று; பார்க்க வருகிறவர்கள் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். மூன்றாவது படுக்கையில் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்திருந்த மெலிந்த மனிதர், மருந்து வண்டி தள்ளிவந்த புதிய கம்பவுண்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அது காலைக்கு. மஞ்சள் மூடி போட்டது சாயங்காலத்துக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல வைக்காதீங்க." குரலைக் கேட்டபின்தான் திருத்தம்மாவுக்கு ஆளைத் தெரிந்தது.

"பஸ்லயா வந்தே அக்கா?"

"பின்னே, பறந்தா வந்தேன்?"

"நீ அன்னிக்குப் பயந்த மாதிரியே ஆயிடுச்சு பாத்தியா. சொல்லிக் காட்டத்தானே வந்தே?"

"அதுக்குத்தான் பஸ் ஏறினேன். வழியில ரெண்டு தடவை சொல்லிப் பாத்தேன். சரியா வரல."

நான்காம் படுக்கையிலிருந்த முதியவர் கைகூப்பினார். "கம்பவுண்டரோட அக்காவாம்மா? நீங்கதான் இவரை எங்களுக்கு அனுப்பி வெச்சீங்களாமே. நல்லா இருக்கணும் நீங்க."

தம்பி கூரையைப் பார்த்தான்.

"நான் அனுப்பலைங்க. தடுத்தேன். எட்டு வாரம் தடுத்தேன்."

"இவர் அப்படிச் சொல்லலையே!"

"இவனுக்குத் திருத்திச் சொல்ற பழக்கம். எங்க வீட்டுல எல்லாருக்கும் உண்டு."

தம்பி சிரித்தான், சிரிப்பு இருமலில் முடிந்தது. இருமல் அடங்கும்வரை திருத்தம்மா கோட்டைத் தாண்டாமல் நின்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஒரு நிமிடம் இருந்ததில்லை. பிறகு பையைத் திறந்தார்.

"என்னக்கா காகிதம்? நான் கையெழுத்துப் போடணுமா?"

அவர் தாளைப் பார்த்தார். நன்றாக அடித்திருந்தார், ஒரு பிழையும் இல்லை. வண்டியோடு நின்றிருந்த புதிய கம்பவுண்டர் அந்தத் தாளையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உனக்கு என்னடா வேணும்?" என்று திருத்தம்மா தம்பியைக் கேட்டார்.

எத்தனையோ கேட்டிருக்கிறார். இன்னொரு கரண்டி வேண்டுமா, குடை வேண்டுமா, சட்டை வேண்டுமா என்றெல்லாம். பதில் தெரியாமல் கேட்டது இதுவே முதல் முறை. தம்பி தாழ்வாரத்தில் தள்ளியிருந்த ஒரு படுக்கையைக் காட்டினான்.

"எட்டாவது படுக்கைக்காரர் மூணு நாளாச் சாப்பிட மாட்டேங்கறார். பசி வரணும்னு எல்லாரும் ஜெபிக்கறோம். ஏன்னு யாருக்கும் தெரியல. எனக்கு எழுந்து போக அனுமதி இல்ல."

"அது அவருக்கு வேண்டியது. உனக்கு?"

"எனக்கு அதான்க்கா."

திருத்தம்மா கோட்டின் ஓரமாகவே எட்டாம் படுக்கைவரை நடந்தார். அங்கே ஒருவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

அவர் திரும்பிப் பார்க்க நேரமாயிற்று. "கேட்டா எழுதிக்குவீங்களா?"

"எழுதிக்கறேன். நீங்க சொல்றபடியே."

"உப்பும்மா. எந்தச் சாப்பாட்டுலயும் உப்பே இல்ல. வாயில வைக்க முடியல."

எழுதுவதற்குக் கையில் வேறு தாள் இல்லை. தட்டச்சு செய்த விண்ணப்பத்தைத் திருப்பி, அதன் வெற்றுப் பக்கத்தில், 'எந்தச் சாப்பாட்டுலயும் உப்பே இல்ல' என்று அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு, சமையலறை எந்தப் பக்கம் என்று விசாரித்தார்.